வியாழக்கிழமைக் கட்டில்

அக்டோபர் 9, வியாழன்

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, இந்தத் தாளிடமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றி எழுதியதில்லை. அம்மா எழுதுவது சமையலறை நாட்காட்டியில் மட்டும்: குப்பை எடுக்க வரும் நாள், பல் மருத்துவரைப் பார்க்கும் நாள். அதற்கு மேல் எழுதுகிறவர்கள் தங்களைப் பெரிதாக நினைத்துக்கொள்கிறவர்கள் என்பது எங்கள் கிரீனக் ஊரின் பொதுக் கருத்து. நான் அப்படி நினைக்கவில்லை. நாள் முழுக்கப் பேசாமல் படுத்திருப்பது என் வேலை. பேசாத பேச்செல்லாம் எங்காவது போக வேண்டுமே.

கிளாஸ்கோவில் எடுக்கிற 'ஆலைச் சந்து' தொலைக்காட்சித் தொடரில் நான்தான் ஷெரில். கோடையில் ஷெரிலை ஒரு வேன் இடித்தது. அன்றிலிருந்து நினைவில்லாமல் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறாள். கட்டில் காட்சிகளை எல்லாம் சேர்த்து வைத்து வியாழக்கிழமைகளில் எடுக்கிறார்கள். காலையில் மூக்கில் குழாய் ஒட்டுவார்கள், நெற்றியில் தையல் வரைவார்கள். அதற்குப் பிறகு நான் எழுந்தால் எல்லாம் கெட்டுவிடும். படுத்தே இருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நாடகம் படித்தேன். குரலுக்குப் பயிற்சி, மூச்சுக்குப் பயிற்சி, வாள் சண்டைகூட. இப்போது மூச்சு மட்டும்தான் பயன்படுகிறது. அதிலும் இன்று இயக்குநர் சொன்னார்: "கொஞ்சம் கம்மியா மூச்சு விடும்மா. தெரியுது."

அக்டோபர் 16, வியாழன்

கதையில் எல்லோரும் என் கட்டிலுக்கு வந்து ரகசியம் சொல்கிறார்கள். திருடியவன், ஏமாற்றியவள், என்னை இடித்த வேன்காரன். நான் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

விசித்திரம் என்னவென்றால், கேமரா நின்ற பிறகும் இது நடக்கிறது. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் கண்ணைத் திறக்க எனக்குச் சோம்பல், மூடியே வைத்திருப்பேன். கூட வேலை செய்கிறவர்களும் எனக்கு நினைவில்லை என்றே நம்பத் தொடங்கிவிட்டார்கள் போல. ஒப்பனைப் பெண் என் புருவத்தைத் துடைத்துக்கொண்டே தன் கணவனை விட்டுவிடலாமா என்று கேட்டாள். என்னிடம்தான் கேட்டாளா? பதில் சொன்னால் பயந்துபோவாள் என்று சும்மா இருந்தேன்.

விளக்குப் பிடிக்கிற இருவர் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள்.

"இவ எப்பய்யா எந்திரிப்பா?"

"எதுக்கு எந்திரிக்கணும்? ஒரு கட்டிலு, அழுறதுக்கு ஒரு ஆளு. வேற செலவே இல்ல. ஜூடித்தம்மா இவளை பென்ஷன் வாங்கற வரைக்கும் படுக்க வெச்சிரும்."

ஜூடித் தொடரின் தயாரிப்பாளர்.

அழுகிற ஆள் ரோனா. ஷெரிலின் அம்மாவாக நடிப்பவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தத் தொடரில் இருக்கிறார். இன்று என் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து காதில் சொன்னார்: "கண்ணு, இத்தன வருஷமும் இந்தத் தொடர்ல மதுக்கடை கவுண்டருக்குப் பின்னால நின்னு கிளாஸ் தொடைச்சேன். இப்பத்தான் நின்னு அழ எனக்கு ஒரு கட்டில் கெடைச்சிருக்கு. நீ பாட்டுக்குப் படுத்திரு. எந்திரிச்சுத் தொலைக்காத."

அக்டோபர் 23, வியாழன்

உனா போன் செய்தாள். கல்லூரியில் எனக்கு மூத்தவள், இப்போது டண்டீயில் நாடகம் இயக்குகிறாள். புதிய நாடகம் ஒன்று, ஒரே ஒரு பாத்திரம். பேருந்து ஓட்டும் பெண் ஒருத்தி, வழியில் வண்டியை நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டு, பயணிகளிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசுகிறாள். பேச்சு மட்டும். ஒரு நிமிடம்கூட வாய் மூடுவதில்லை.

"இது உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு மார்வென்," என்றாள்.

"நான் பேசவே மாட்டேனே."

"அதுனாலதான்."

ரயிலில் வரும்போதே முழுவதையும் படித்தேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஏஜண்ட் டங்கனைக் கேட்டேன். அவர் எதையும் நல்ல செய்தி மாதிரியே சொல்வார். "பிப்ரவரி கடைசி வரைக்கும் நீ அவங்க கையில இருக்கே. அடுத்த வருஷத்துக்கு வேணும்னா எடுத்துப்பாங்க, வேணாம்னா விடுவாங்க. அதுவரைக்கும் வேற எதுலயும் நீ கையெழுத்துப் போட முடியாது."

"கேட்டா முன்னாடியே விடுவாங்களா?"

"கேட்டா விட்டாலும் விடுவாங்க. இல்ல, இவ வேணும்போல இருக்கேன்னு உடனே எடுத்துக்கிட்டாலும் எடுத்துப்பாங்க. எதுக்கு ஞாபகப்படுத்தற? அசையாம இரு."

எல்லோரும் என்னிடம் கேட்பது இதைத்தான்.

நவம்பர் 2, ஞாயிறு

அம்மாவிடம் பேருந்து நாடகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அம்மா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறாள். முன்பெல்லாம் பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கரண்டியைத்தான் பார்ப்பார்கள். இப்போது "ஷெரிலோட அம்மா, இன்னும் கொஞ்சம் கஸ்டர்டு!" என்று கத்துகிறார்களாம். சொல்லும்போது அலுத்துக்கொள்வது போலச் சொல்கிறாள். ஆனால் தினமும் சொல்கிறாள்.

கல்லூரியின் கடைசி வருட நாடகத்துக்கு அம்மா வந்தாள். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவோரம் உட்கார்ந்தாள். இடைவேளைக்குப் பிறகு அந்த இருக்கை காலியாக இருந்தது. "ரயில் போயிடும்னு கெளம்பிட்டேன்," என்றாள். கிரீனக்குக்கு ரயிலுக்கா பஞ்சம்? பல நாள் கழித்துப் பாத்திரம் கழுவும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அங்க இருந்தவங்களுக்கெல்லாம் எங்க சிரிக்கணும்னு தெரிஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியல."

அதன் பிறகு நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை. தொலைக்காட்சி அப்படியில்லை. அவள் நாற்காலி, அவள் செருப்பு, அவள் தேநீர். நான்தான் அங்கே விருந்தாளி.

நவம்பர் 6, வியாழன்

இன்று யாரோ என் மேல் மதிய உணவுத் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். கால் மேல். மறந்துபோய்.

நவம்பர் 20, வியாழன்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

படுத்திருக்கும்போது பேருந்து நாடகத்தை மனப்பாடம் செய்கிறேன். சில வாரமாகவே. கையெழுத்துதான் போடக் கூடாது, மனப்பாடம் செய்யக் கூடாது என்று எந்த ஒப்பந்தமும் சொல்லவில்லை. கண்ணை மூடினால் ஸ்டியரிங் கையில் இருக்கும், மழை கண்ணாடியில் அடிக்கும்.

இன்று ரோனாவின் பெரிய காட்சி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு அடையாளம் காட்டுடா செல்லம், ஒண்ணே ஒண்ணு," என்று அழ வேண்டும். அவர் அழுதுகொண்டிருந்தார். நான் என் பேருந்தில் இருந்தேன். ஓட்டுநர் கதவைப் பூட்டிவிட்டு, பயணிகளைப் பார்ப்பதற்காகத் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கும் இடம் வந்தது.

நானும் பார்த்துவிட்டேன்.

கண் திறந்துவிட்டது. எதிரே ரோனாவின் முகம், மிக அருகில். முதலில் அவர் வாய் மட்டும் அசைந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது பாருங்கள், எழுதிக் கொடுத்து வருகிற சத்தமே இல்லை அது. என் மார்பின் மேல் விழுந்து அழுதார். யாரும் கேமராவை நிறுத்தவில்லை. விளக்குக்காரர்களில் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

நான் உடனே கண்ணை மூடிக்கொண்டேன். மூடினா ஆச்சா? பார்த்தது பார்த்ததுதானே.

நவம்பர் 21, வெள்ளி

ஜூடித் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார், வேலையை விட்டே அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பினால் நல்லது என்றும் நினைத்தேன். ரயிலில் ஒத்திகையும் பார்த்தேன்: "ஜூடித், அந்தக் காட்சிக்கு மன்னிக்கணும். இதோடு ஒரு விஷயம் கேட்கணும்."

அவர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "நாங்க பத்து பேர் உட்கார்ந்து மாசக்கணக்கா யோசிச்சோம் இவளை என்ன பண்றதுன்னு. நீ ஒரே ஒரு பார்வையில முடிச்சிட்டே! வருஷக் கடைசி எபிசோடே அந்தக் கண்ணுதான். அடுத்த வருஷம் முழுக்க ஷெரில்தான். பிப்ரவரில முறைப்படி எழுதிக் கொடுத்திடறோம்."

நான் சொன்னது: "ரொம்ப நன்றி."

ஒரு பிஸ்கட்டும் சாப்பிட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

உனா என் பதிலுக்காக ஜனவரி கடைசி வரை காத்திருப்பாளாம். "பாவம்," என்றாள். என்னைச் சொன்னாளா, தன்னையேவா?

ஜனவரி 1, வியாழன்

நேற்று ஷெரில் கண் திறந்தாள்.

இன்று மதியம் இறைச்சி அடைத்த ஸ்டேக் பை அடுப்பில் இருக்கும்போதே கீழ்வீட்டு அக்னஸ் வந்துவிட்டாள். வருடத்தின் முதல் காலடி கறுப்பு முடிக்காரனுடையதாக இருந்தால்தான் அதிர்ஷ்டம் என்பதால், கணவனைக் கையில் கரித்துண்டோடு முன்னால் தள்ளிவிட்டு, பின்னாலேயே நுழைந்தாள்.

"நெட்டா! உன் பொண்ணு கண்ணத் தொறந்துட்டாடி! நான் கத்துன கத்துல நாய் கட்டிலுக்கடியில போயிடுச்சு!"

அம்மா முகம் இருந்த இருப்பு! "நானும்தான் அழுதேன்," என்றாள், "இவ பக்கத்துலதான் உக்காந்திருந்தா. இருந்தும் அழுதேன்."

அக்னஸ் என் நெற்றியில் முத்தமிட்டாள். தையல் வரைகிற அதே இடத்தில், பார்த்து, மெதுவாக. "இனிமே பாத்து ரோட்டத் தாண்டு, என்ன?" அவள் கணவன் தலையாட்டினார், அந்த வேன்காரனைத் தன் கையில் கொடுத்தால் போதும் என்பதுபோல.

எல்லோரும் சிரித்தோம். நானும். அப்பா போன பிறகு அம்மா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதை எப்படிப் பிடுங்குவது? என்னால முடியாதும்மா. முடியாது.

ஜனவரி 8, வியாழன்

புது வசனத் தாள் வந்தது. என் பெயருக்கு எதிரே எதுவும் இல்லை.

ஜூடித் விளக்கினார்: "கண்ணு தொறந்தாச்சு. ஆனா பேச்சு வராது. கோடை வரைக்குமாவது வராது. நீ பார்த்தாலே போதும், அந்தப் பார்வைக்குத்தான் ஜனங்க உருகறாங்க."

இனி கண்ணைத் திறந்துகொண்டு பேசாமல் படுத்திருக்க வேண்டும்.

ஒன்று கவனித்தேன். கண் மூடியிருந்தவரை எல்லோரும் என்னிடம் பேசினார்கள். இப்போது யாரும் பேசுவதில்லை. ஒப்பனைப் பெண் கணவனை விட்டாளா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. என் கண்ணைப் பார்த்ததும் திரும்பிக்கொள்கிறாள்.

கூரையில் ஓர் ஈரக்கறை இருக்கிறது, காலணி மாதிரி. கோடை வரைக்கும் அதைப் பார்க்கப் போகிறேன். கோடைக்குப் பிறகு? நாற்காலியில் உட்கார வைப்பார்களாம், சன்னலோரம்.

ஜனவரி 15, வியாழன்

ரோனாவிடம் சொல்லிவிட்டேன். சொல்ல நினைக்கவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"நீ அன்னிக்கு கண்ணத் தொறந்தியே, கண்ணு. அது எனக்குக் கொடுத்ததுதானே? இத்தன வருஷத்துல கூட நடிக்கிறவங்க யாரும் எனக்கு அப்படி ஒண்ணு கொடுத்ததில்ல."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எளிதாகச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. பேருந்தைச் சொன்னேன். கண்ணாடியைச் சொன்னேன்.

அவர் என் கையை விட்டார். "அப்ப நீ இங்கயே இல்ல."

"இல்ல."

"நான் அழும்போது?"

"பஸ் ஓட்டிட்டிருந்தேன்."

கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். பிறகு எடுத்த காட்சியில், என் கட்டிலின் மறுபக்கம் நின்று அழுதார்.

ஜனவரி 22, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

காலையில் ஒப்பனை அறையில் ரோனா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலையில் சுருட்டைக் குழல்கள். கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்த பஸ்காரி என்ன பேசுறா அவ்வளவு நேரம்?"

கொஞ்சம் சொல்லிக் காட்டினேன். முதலில் மெதுவாக. பிறகு எப்போது சத்தம் ஏறியது என்று தெரியவில்லை. ஒப்பனைப் பெண் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். ரோனா ஓர் இடத்தில் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபப்பட்டார்.

"போய்க் கேட்டுத் தொலை ஜூடித்தை, உன்னை விடச் சொல்லி."

"எனக்குக் கேட்க வாய் வராது ரோனா."

"உனக்காக வராது. எனக்காகக் கேளு. நீ பாட்டுக்குப் போயிட்டா நான் மறுபடி கிளாஸ் தொடைக்கணும். அதனால எனக்கு ஒரு சவ அடக்கம் வேணும். பெருசா. ரெண்டு எபிசோடு. மழை வேண்டாம், மழையில என் முடி நிக்காது."

மதிய உணவு நேரத்தில் போனேன். மூக்கில் குழாயோடு. பிரித்தால் திரும்ப ஒட்ட வேண்டுமே.

"ஜூடித், ரோனாவுக்கு ஒரு சவ அடக்கம் வேணும்."

"என்னது?"

"ரெண்டு எபிசோடு. அவங்க தனியா நிற்கிற மாதிரி. மழை இல்லாம."

அவர் பேனாவை எடுத்தேவிட்டார், நல்ல யோசனை என்பதுபோல. "சரி... யாரை அடக்கம் பண்றது?"

"என்னை."

பேனா நின்றது. வெகுநேரம் என்னைப் பார்த்தார். அறையின் வெப்பக் குழாய் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அந்த அமைதியை நிரப்ப நன்றி சொல்லியிருப்பேன். இன்று சொல்லவில்லை. டண்டீயைச் சொன்னேன், பேருந்தைச் சொன்னேன், என்னை விடுங்கள் என்றேன். கெஞ்சவில்லை. கேட்டேன்.

"ஒரு பஸ்ஸுக்காகவா?"

"ஆமாம்."

"நீ இவ்வளவு பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா," என்றார் ஜூடித், "உனக்கு வசனம் கொடுத்திருப்பேனே."

மாலையில் டங்கன் கூப்பிட்டார். விட்டுவிட்டார்களாம். பிப்ரவரியில் சாகிறேன். இதையும் அவர் நல்ல செய்தி மாதிரியே சொன்னார். முதல் முறையாக அது சரியாக இருந்தது.

ஜனவரி 23, வெள்ளி

பள்ளியில் இன்று ஆட்டு ஈரலில் செய்கிற ஹாகிஸ், மசித்த டர்னிப். அம்மா மேலெல்லாம் டர்னிப் வாடை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் நின்றபடியே கேட்டாள்.

"நீயா போய்க் கேட்ட?"

"ஆமா."

"சாகறேன்னு யாராச்சும் போய்க் கேப்பாங்களா? அந்தப் புள்ளைங்க தினம் கேக்குது, எப்ப பேசுவா, எப்ப பேசுவான்னு. நான் என்ன சொல்றது?"

"நான் பேசுவேம்மா. வேற எடத்துல."

"எங்க?"

"டண்டீயில."

"டண்டீ!" நிலாவைச் சொன்னது போல. "அங்க யாரு பாக்கப் போறா?"

அவள் பாக்கணும்னுதான். அதைச் சொல்ல வந்தேன். அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

பிப்ரவரி 12, வியாழன்

இறந்தேன். ஒரே டேக். ரோனா என் கையைப் பிடித்திருந்தார். இந்த முறை நான் எங்கும் போகவில்லை, அங்கேயே இருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

டண்டீயிலிருந்து இரண்டு நாள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடக்கம் நேற்றும் இன்றும் ஒளிபரப்பானது. வெயில் அடித்தது, ரோனாவின் முடி நின்றது. அவர் மண்ணைப் போடாமல், கையிலேயே இறுக்கி வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அது வசனத் தாளில் இருந்ததா என்று தெரியவில்லை.

அம்மாவும் நானும் பேசாமல் பார்த்தோம். ஜனவரியிலிருந்தே பேச்சு அளவாகத்தான். உப்பு, மழை, ரயில்.

முடிந்ததும் கதவு தட்டும் சத்தம். அக்னஸ். கறுப்பு கார்டிகன். கையில் துணி மூடிய ஸ்டேக் பை. எங்கள் ஊரில் புத்தாண்டுக்கும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான்.

"மனசத் தேத்திக்கடி நெட்டா. சின்ன வயசு. என்ன பண்றது." நான் மேசையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, "உனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்," என்றாள்.

அவள் போன பிறகு அம்மா அதை வெட்டினாள். பெரிய துண்டாக எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு. உனக்குன்னுதான் வந்திருக்கு."

அவள் உதட்டோரம் சிரிப்பில் லேசாக அசைந்தது. கம்மியாகத்தான். ஆனால் தெரிந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

நாளை மறுநாள் முதல் காட்சி. டண்டீயில் என் அறையிலிருந்து பார்த்தால் டே ஆற்றின் மேல் ரயில் பாலம் தெரிகிறது. தெற்கிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் வருவார்கள். கிரீனக்கிலிருந்து வருகிற ஆளுக்கு அந்தப் பாலம் வழியில் கிடையாது. பெர்த் வழியாக வர வேண்டும். இருந்தும் காலையிலிருந்து பாலத்தையே பார்க்கிறேன்.

உனா அரங்கத்தைப் பேருந்தாக மாற்றிவிட்டாள். இரண்டிரண்டு இருக்கை, நடுவில் நடைபாதை. என் இருக்கை முன்னால், தலைக்கு மேல் பெரிய கண்ணாடி. நேற்று ஒத்திகையில் அதை நிமிர்ந்து பார்த்தேன். காலி இருக்கைகள்தான். குரல் போதவில்லை, மூச்சு வாங்கியது, ஓர் இடத்தில் வசனம் மறந்தது. மறந்த இடத்தில் நானே எதையோ பேசினேன். பேசினேன்!

ரோனா சனிக்கிழமை வருகிறாராம். தொலைபேசியில் மிரட்டல்: "எங்கயாச்சும் மனசு போச்சுன்னா எனக்குத் தெரிஞ்சிடும், கண்ணு."

மீதி ஒன்று இருக்கிறது. ஜூடித்திடம் கேட்டதைவிடக் கஷ்டமானது. அக்டோபரிலிருந்து இதைத்தான் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. அதற்கு முன்பிருந்தே. கதவோரத்து இருக்கை காலியான அன்றிலிருந்தே.

ஆறு மணிக்கு அம்மா வேலை முடிந்து, தேநீரோடு உட்கார்ந்திருப்பாள். அப்போது கூப்பிட்டேன். வழக்கம்போல உப்பு, மழை, ரயில் என்று போனது. வைக்கப் போனாள். "இரும்மா," என்றேன். பிறகு ஒரே மூச்சில் சொன்னேன்:

"சனிக்கெழம வா. ரோனாவும் வராங்க, கிளாஸ்கோவுல உன்னோட ஏறிப்பாங்க. நல்ல கோட்டு வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் போடுறதே போதும், பஸ்ஸுதானே. கதவு ஆரம்பத்துலயே பூட்டிடுவோம், நடுவுல யாரும் எறங்க முடியாது. அதனால கதவோரம் உக்காராதம்மா. முன்னாடி, கண்ணாடியில எனக்குத் தெரியற எடத்துல உக்காரு. எங்க சிரிக்கணும்னு யாரையும் பாக்காத. உனக்கு வர்ற எடத்துல சிரி. வராட்டி சும்மா இரு. கடைசி வரைக்கும் மட்டும் இரும்மா."